மயோனைஸ் இல்லாமல் புளிப்பான கோழி சாலட்: சுங்கை சிப்புட் மார்க்கெட் சாமான்களை வைத்து

கேள்வி: மலேசியாவில், ஈப்போ பக்கம் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். கோழி, திராட்சை, வால்நட் போட்டு மயோனைஸ் சாலட் இரண்டு தடவை செய்து வேலைக்குக் கொண்டுபோனேன். மத்தியானம் டப்பாவைத் திறந்தால் அடியில் தண்ணீர், மேலே சப்பென்று கோழி. வீட்டில் மாமியாருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). கொலஸ்ட்ராலுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். தம்பூனிலிருந்து சொந்தக்காரர் கொடுத்த பம்பளிமாஸ் இரண்டு சும்மா கிடக்கிறது. இங்கே கிடைக்கும் பழத்தையும் கடலையையும் வைத்து, நல்ல புளிப்பாக, உடம்புக்கும் ஆகிற மாதிரி எப்படிச் செய்வது? அன்னாசி போடலாமா?

பதில்:

தங்கச்சி, ருசிக்குப் போகும் முன் அந்தப் பம்பளிமாஸ் பேச்சை முடித்துவிடுவோம். மாமியாரின் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சிம்வாஸ்டாட்டின் அல்லது அட்டோர்வாஸ்டாட்டின் என்று போட்டிருந்தால் அவருக்கு அந்தப் பழம் வேண்டாம். நம் குடலின் சுவரில் ஒரு நொதி இருக்கிறது. அது இந்த மாத்திரைகளில் ஒரு பங்கை ரத்தத்தில் சேரும் முன்பே சிதைத்துவிடும். டாக்டர் அளவு எழுதுவதே அந்தக் கழிவையும் கணக்கில் வைத்துத்தான். பம்பளிமாஸில் உள்ள ஃபுரானோகூமரின் என்ற பொருள் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. சாப்பிட்டது ஒரு மாத்திரை, ரத்தத்தில் நிற்பதோ அதற்கு மேல். தசைவலியில் ஆரம்பித்து, அரிதாகத் தசையே சிதைந்து சிறுநீரகம் வரை போகும். முதலில் இதைக் கண்டுபிடித்தது கிரேப்ஃப்ரூட் பழத்தில். அந்தப் பழமே பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்ததுதான், ஆகையால் பிள்ளையிடம் உள்ள குணம் தாயிடமும் இருக்கிறது. ‘மாத்திரை ராத்திரி, பழம் காலையில்’ என்ற சமாதானமும் உதவாது, அந்த முடக்கம் ஒரு நாளைத் தாண்டியும் நிற்கும். சில ரத்தக் கொதிப்பு மாத்திரைகளுக்கும் இதே கதைதான். அட்டையைக் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் இடத்தில் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

பழம் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சாலட்டில் வைத்தால் நட்சத்திரமாக அழகாக இருக்கிறதே என்று பெலிம்பிங் வாங்குவார்கள். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அது விஷம் மாதிரி. விடாத விக்கலில் தொடங்கி வலிப்பு, நினைவு தப்புவது வரை கொண்டுபோகும். இனிப்பு நீர் பல வருஷம் இருந்தால் சிறுநீரகத்தில் கை வைத்துவிடவும் கூடும். ஆகவே மாமியார் தட்டுக்கு அதுவும் வேண்டாம். அவருக்குக் கொய்யா போடுங்கள். பம்பளிமாஸை நீங்களும் வீட்டுக்காரரும் தின்னுங்கள். சாலட் ஒன்றுதான், பழத்தை மட்டும் இரண்டு கிண்ணத்தில் பிரித்துக்கொள்ளலாம்.

இப்போது டப்பாவின் அடியில் நின்ற தண்ணீருக்கு வருகிறேன். ஈப்போவில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது இங்கே சின்னதாக ஆர்டர் எடுத்துச் சமைத்துக் கொடுக்கிறேன். சாலட் கெட்டுப்போன கதை எத்தனையோ பார்த்துவிட்டேன். பத்தில் எட்டில் குற்றவாளி தண்ணீர்தான். வெட்டிய வெள்ளரியிலும் பழத்திலும் உப்பு பட்டால் தண்ணீர் விடும். கோழியும் சூடாக டப்பாவில் அடைபட்டால் விடும். அந்தத் தண்ணீர் புளிப்பையும் உப்பையும் கரைத்துக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. மேலே இருப்பது சப்பென்று இல்லாமல் என்ன செய்யும்? மயோனைஸை மாற்றினாலும் இது மாறாது.

நீங்கள் செய்த கூட்டணியே குளிர்நாட்டுக் கூட்டணி. அதற்கு மூத்த அக்கா நியூயார்க்கின் வால்டார்ஃப் ஓட்டலில் 1890-களில் பிறந்த சாலட்: ஆப்பிள், செலரி, மயோனைஸ், அவ்வளவுதான். வால்நட் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. அங்கே கறுக்முறுக்கென்று கடிபடுவதற்குத் தடித்த செலரித் தண்டு இருக்கிறது. நம் மார்க்கெட்டில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் சீனச் செலரி சூப்புக்குத்தான் ஆகும். அந்தத் தடித்த தண்டைத் தேடி ஈப்போ பேரங்காடிக்குப் பெட்ரோல் எரிக்காதீர்கள். அதே கடியைச் செங்குவாங் கிழங்கு (ஜிகாமா) கொடுக்கும், கூடுதலாகக் கொஞ்சம் இனிப்பும் உண்டு. காலையில் மார்க்கெட் பக்கம் மலாய்க்கார அக்காமார் தரையில் சாக்கு விரித்து வைத்திருப்பார்களே, அங்கே மண்ணோடு கிடக்கும்.

அதோடு, தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் புளிப்புப் பழத்தை யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. லயத்து வாசலில் உட்கார்ந்து கெடொண்டோங் காயைச் சீவி, கிச்சாப்பும் சீனியும் இடித்த ஊசி மிளகாயும் கலந்த கிண்ணத்தில் தோய்த்துத் தின்ற வாய் நம்முடையது. மலாய்க்காரர் கெராபு என்பதும், தெருவில் ரோஜாக் என்று விற்பதும், நம் வீட்டுக் கோசுமல்லியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். கோழியை அந்த வரிசையில் சேர்த்துவிட்டால் போதும். அமெரிக்காவைப் பார்த்துச் செய்ய வேண்டாம்.

கோழியில் தொடங்குவோம். நான்கு பேருக்கு அரை கிலோ நெஞ்சுக்கறி, தோல் இல்லாமல். கம்பத்துக் கோழி கிடைத்தாலும் இதற்கு வேண்டாம். அது குழம்புக்குப் பிறந்தது, சாலட்டில் பல்லோடு மல்லுக்கட்டும். கழுவுவதை நிறுத்தச் சொன்னால் நம் வீடுகளில் யாரும் கேட்கப் போவதில்லை, எனக்குத் தெரியும். குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழே கழுவாதீர்கள், அதுதான் வேண்டும். தண்ணீர் தெறிக்கிற இடமெல்லாம் கிருமி தெறிக்கும், பக்கத்திலேயே நீங்கள் வெட்டப்போகும் பழமும் இருக்கும். ஒரு சட்டியில் தண்ணீர் பிடித்து அதற்குள் அலசி எடுங்கள். பழத்துக்கும் கோழிக்கும் தனித்தனிப் பலகை, தனித்தனிக் கத்தி. பச்சையாகத் தின்னும் சாமானில் இந்த விஷயத்தில் சமரசமே கிடையாது.

கொதிக்கக் கொதிக்க வேகவைத்தால் நெஞ்சுக்கறி கயிறாகிவிடும். கறி முழுகும் அளவு பச்சைத் தண்ணீரில் அதைப் போட்டு, ஒரு தேக்கரண்டி உப்பு, தட்டிய இஞ்சி, நசுக்கிய செராய்த் தண்டு (எலுமிச்சைப்புல்) ஒன்று, நான்கைந்து மிளகு சேர்த்து மிதமான தீயில் வையுங்கள். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் கிளம்பும்போது தீயைக் குறைத்துவிடுங்கள். தண்ணீர் சிரித்தால் போதும், குதிக்கக் கூடாது. அப்படியே பத்துப் பன்னிரண்டு நிமிடம், பிறகு அடுப்பை அணைத்து மூடி, இன்னொரு பத்து நிமிடம். தடித்த துண்டாக இருந்தால் கூட ஐந்து நிமிடம் விடுங்கள். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் குத்திப் பாருங்கள், 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். இல்லையென்றால் தடித்த இடத்தில் கீறிப் பாருங்கள். உள்ளே ரோஸ் நிறம் தெரியாமல், வழிகிற சாறு தெளிவாக இருக்க வேண்டும்.

கத்தியால் கட்டம் கட்டமாக வெட்டாதீர்கள். கை பொறுக்கும் சூட்டில், நார் ஓடும் திசையிலேயே விரலால் கிழித்தெடுங்கள். வெட்டிய கட்டம் வழவழவென்று இருக்கும், புளிப்புச்சாறு அதன் மேல் வழுக்கி ஓடிவிடும். கிழித்த நாரோ ஆயிரம் இடுக்கில் சாற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிழித்ததும், வெதுவெதுப்பு அடங்கும் முன்பே, ஒரு மேசைக்கரண்டி கஸ்தூரி எலுமிச்சைச் சாறும் கால் தேக்கரண்டி உப்பும் தூவிப் பிசறுங்கள். ஆறிய கோழிக்கு மேலே எவ்வளவு ஊற்றினாலும் வெளியேதான் நிற்கும். வெதுவெதுப்பில் போட்டால் உள்ளே இறங்கும். பிசறியதை அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு ஐஸ்பெட்டியில் வையுங்கள். உங்கள் கோழி சப்பென்று இருந்ததற்கு, அந்தத் தண்ணீரோடு, இந்த ஒரு படி விட்டுப்போனதும் காரணம் என்று நினைக்கிறேன்.

பழத்துக்கு வருவோம், அன்னாசி கேட்டீர்களே. போடலாம், ஆனால் என் கதையைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஒரு தடவை நாற்பது பேருக்கு மத்தியானச் சாப்பாட்டு ஆர்டர். காலையில் நேரம் மிச்சமாகும் என்று முதல் நாள் ராத்திரியே கோழி, பச்சை அன்னாசி, தயிர் எல்லாவற்றையும் கலந்து ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் ஒரு வாய் எடுத்தால் வேப்பங்கொழுந்து! கோழியோ, பல் இல்லாத பிள்ளைக்கு ஊட்டலாம் போலக் கூழாகிக் கிடக்கிறது. முழுச் சட்டியையும் கொட்டிவிட்டு, எட்டு மணிக்குள் வேறு கோழி தேடி ஓடியதை என் வீட்டுக்காரர் இன்னும் சொல்லிச் சிரிப்பார். அன்னாசியில் புரோமிலெயின் என்ற நொதி இருக்கிறது. புரதத்தை அறுப்பதே அதற்கு வேலை. கோழியின் புரதத்தை அறுத்தால் கறி கூழாகும். தயிரின் புரதத்தை அறுத்தால் வரும் துண்டுகள் கசக்கும். பப்பாளியிலும் கிவியிலும் இதே மாதிரி நொதி உண்டு. சூட்டுக்கு அது அடங்கிவிடும். அதனால் அன்னாசித் துண்டுகளை எண்ணெய் இல்லாத குவாலியில் (வாணலி), ஓரம் கொஞ்சம் சிவந்து உள்ளேயும் நன்றாகச் சூடேறும் வரை புரட்டியெடுத்து ஆறவிட்டுப் போடுங்கள். சீனி லேசாகக் கருகி ஒரு வாசமும் வரும், எனக்குப் பச்சையைவிட அதுதான் பிடிக்கும். மோரிஸ் அன்னாசி புளிப்பு; எம்டி2 என்று விற்பது இனிப்பு. இந்தச் சாலட்டுக்கு மோரிஸ்.

பம்பளிமாஸை உரிப்பதற்குப் பொறுமை வேண்டும், அதை வைத்துத்தான் சாலட் நிற்கும். கையில் தூக்கினால் பார்த்த அளவைவிடக் கனமாக இருக்க வேண்டும். சொந்தக்காரர் கொடுத்து ஒரு வாரம் ஆகித் தோல் லேசாகச் சுருங்கியிருந்தால் கவலைப்படாதீர்கள், அப்போதுதான் உள்ளே ருசி கூடியிருக்கும். தலையைச் சீவி, மேலிருந்து கீழாகக் கீறி, பஞ்சு மாதிரி வெள்ளையோடு தோலைப் பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு சுளையையும் முதுகுப் பக்கம் நகத்தால் கிழித்தால் தோல் புத்தகம் மாதிரித் திறக்கும்; உள்ளே கண்ணாடி மணி மாதிரி முத்துகள் அடுக்கடுக்காக நிற்கும். அவற்றை உடைக்காமல், கொத்துக் கொத்தாக உதிர்த்தெடுங்கள். கத்தி பட்டால் முத்து உடைந்து சாறு போய்விடும், மறுபடி டப்பாவில் தண்ணீர் கதைதான். முத்து உடையாமல் இருந்தால் சாறு அதற்குள்ளேயே இருக்கும். நீங்கள் கடிக்கும்போதுதான் வாயில் வெடிக்கும். சாலட்டுக்குப் பம்பளிமாஸை மிஞ்சிய பழம் எனக்குத் தெரியவில்லை. அந்த வெள்ளைத் தோலை ஒட்டவிட்டால் கசக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமியாருக்கான கொய்யா, பீடோர் பக்கம் விளைகிறதே, அந்த மாதிரிக் கெட்டியான பச்சைக் கொய்யா. பழுத்துக் குழைந்தது வேண்டாம். 100 கிராம் கொய்யாவில் சுமார் 228 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது, ஆரஞ்சில் ஐம்பத்துச் சொச்சம்தான். தோலைச் சீவாமல் மெல்லிய சீவலாகப் போடுங்கள், நார்ச்சத்து கிடைக்கும், தண்ணீரும் விடாது. ஜம்பு ஆயர் கிடைத்தால் நீங்கள் தின்னக் கொஞ்சம் சேர்க்கலாம், ஆனால் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது, மலாயில் ஆயர் என்றால் தண்ணீர்தான். சாப்பிடும் நேரத்தில் வெட்டிப் போடுவதென்றால் மட்டும். திராட்சையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, இனிப்பைக் கூட்டுவதைத் தவிர அது இங்கே எந்த வேலையும் செய்யவில்லை.

கடலைக்கு நாம் கொடுத்துவைத்தவர்கள். ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே செய்யும் நம் ஆட்களின் கம்பமே இருக்கிறது, அரை மணி நேரப் பயணம். ஆனால் அங்கே வறுத்து மசாலா புரட்டியதை வாங்கி அப்படியே சாலட்டில் கொட்டினால் உப்பு தலைக்கு மேல் போய்விடும். பச்சை நிலக்கடலையாக வாங்கி வீட்டில் வறுங்கள். அடிகனமான குவாலி, சின்னத் தீ, கை ஓயாமல் பத்து நிமிடம். தோல் வெடித்து, ஒரு கடலையை நசுக்கினால் உள்ளே வெளிர் பொன்னிறம் தெரியும்போது இறக்கிவிடுங்கள். குவாலியின் சூட்டிலேயே இன்னும் கொஞ்சம் சிவக்கும். கறுத்தது, சுருங்கியது, பூஞ்சை பட்டது, வாயில் போட்டால் கசப்பது எதுவானாலும் எறிந்துவிடுங்கள். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு ஊறும், ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுசாகப் போகாது. நான்கு பேருக்கு நான்கு மேசைக்கரண்டி நிலக்கடலை, பத்துப் பன்னிரண்டு முந்திரி. அதற்கு மேல் வேண்டாம். ஒரு கைப்பிடி நிலக்கடலை, அதாவது 30 கிராம், கிட்டத்தட்ட 170 கலோரி. நல்லதுதான் என்று அள்ளிப் போட்டால் ‘உடம்புக்கு ஆகிற சாலட்’ நெய்ச்சோற்றை எட்டிவிடும். வால்நட் மிச்சம் இருந்தால் அதையும் வறுத்துப் போடலாம். ஆனால் நம் ஊர்ச் சூட்டில் அது சீக்கிரம் சிக்கெண்ணெய் வாடை அடிக்கும், ஐஸ்பெட்டியில் வையுங்கள். இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோவதானால் கடலை சேர்த்திருப்பதைச் சொல்லிவிடுங்கள், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு உயிர் போகும் விஷயம். சின்னப் பிள்ளைகளுக்கு முழுக் கடலை கொடுக்காமல் பொடித்துக் கொடுங்கள்.

இனி நீங்கள் கேட்ட புளிப்பு. ஒரே புளிப்பை நிறையப் போட்டால் பல் கூசுமே தவிர ருசி ஏறாது. நான் மூன்று வைத்துக்கொள்வேன். கஸ்தூரி எலுமிச்சை வாயில் வைத்ததும் பளிச்சென்று அடித்து, வாசத்தோடு வரும். புளிக்கரைசல் அடர்த்தியாக, நடுவில் நின்று நிதானமாகப் பேசும். தயிர் கடைசியில் வந்து இரண்டின் கூர்மையையும் மழுக்கும். மயோனைஸ் கொடுத்த வழவழப்பு வேண்டுமென்றால் அதுவும் தயிரிலேயே கிடைக்கும். கடைத் தயிரை மெல்லிய துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள், தண்ணீர் வடிந்து வெண்ணெய் மாதிரி நிற்கும். இந்தக் கெட்டித் தயிர் நான்கு மேசைக்கரண்டி, கஸ்தூரி எலுமிச்சைச் சாறு இரண்டு (ஆறேழு பழம் பிழிய வேண்டியிருக்கும், விதையை வடிகட்டுங்கள், கடிபட்டால் கசக்கும்), கெட்டிப் புளிக்கரைசல் ஒன்று, நல்லெண்ணெய் அல்லது கடலையெண்ணெய் ஒன்று. துருவிய இஞ்சி, பொடியாக நறுக்கிய ஊசி மிளகாய் ஒன்று, மிளகுத்தூள், அரைத் தேக்கரண்டிக்கும் குறைவான உப்பு. எல்லாவற்றையும் ஒரு பாட்டிலில் போட்டு மூடிக் குலுக்குங்கள். வெள்ளைக்காரச் சமையலில் எண்ணெய் மூன்று பங்கு, புளிப்பு ஒரு பங்கு என்று சொல்லுவார்கள். அந்தக் கணக்கு இலைக்குச் சரி. ருசியே இல்லாத நெஞ்சுக்கறிக்கு அது போதாது. இங்கே புளிப்பின் கை ஓங்கியே இருக்கட்டும்.

நக்கிப் பார்க்கும்போது ‘ஐயோ கொஞ்சம் அதிகம்’ என்று தோன்ற வேண்டும். கோழியும் பழமும் சேர்ந்தால் சரியாக இறங்கும். அப்போதும் அதிகம் என்றால் அரைத் தேக்கரண்டி குலா மெலாக்கா (தென்னை வெல்லம்), அவ்வளவுதான். தேன் ஆரோக்கியம் என்று நாலு கரண்டி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இனிப்பு நீருக்குத் தேனும் சீனிதான். அசாம் போய், அதாவது உப்பில் ஊறிக் காய்ந்த புளிப்புப் பழம், அதன் பொடியைத் தூவச் சொல்லியும் சிலர் கேட்பார்கள். கொய்யாவோடு அது சொர்க்கம், மறுக்கவில்லை, ஆனால் உப்பு மூட்டை. ரத்தக் கொதிப்பு உள்ள வீட்டில் வேண்டாம். கடுகு, பெருங்காயம் தாளித்துக் கொட்டலாமா என்றால், பயற்றங்கோசுமல்லிக்கு அது அழகு; கோழியோடு எனக்கு ஒட்டவில்லை.

கலக்கும் விதம் இப்படி. வெள்ளரி ஒன்றை விதைப்பகுதியை வழித்துவிட்டுச் சீவி, சின்ன வெங்காயம் ஆறையும் நறுக்கி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு கைப்பிடிக்குள் வைத்து இறுக்கிப் பிழியுங்கள். நிறையத் தண்ணீர் வந்து விழும். பிழியாமல் போட்டால் அதுதான் டப்பாவின் அடியில் போய் நிற்கும். செங்குவாங்கைத் தீக்குச்சி கனத்தில் நறுக்கினால் போதும், பிழிய வேண்டாம். கோழி, வெள்ளரி, செங்குவாங் மூன்றையும் முதலில் சாறோடு பிசறி, பழத்தை அதன் மேல் போட்டு, கீழிருந்து மேலாக இரண்டே புரட்டு. புதினா ஒரு கைப்பிடி, மல்லித்தழை கொஞ்சம், கிள்ளிப் போடுங்கள். பூங்கா காந்தான் (வாசமான இஞ்சிப்பூ) மொட்டு கிடைத்தால் பாதி மொட்டை மெல்லிய இழையாக நறுக்கிச் சேர்த்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்ன சமையல் என்று எட்டிப் பார்ப்பார். கடலை கடைசியாக, தட்டில் வைத்த பிறகு.

இப்படிச் செய்தால் ஒருவருக்கு ஏறக்குறைய 300 கலோரியும் 30 கிராம் புரதமும் வரும். மாமியாருக்குக் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சாலட் நல்லது என்று சோறு, சப்பாத்தி எதுவுமில்லாமல் ராத்திரிக்கு இதை மட்டும் வைத்துவிடாதீர்கள். அவர் கிளிக்லசைடு மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவராக இருந்தால், மாவுச்சத்து திடீரென்று குறையும்போது சீனி அளவு மளமளவென்று இறங்கி, வேர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரும். சுகாதார அமைச்சு ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ என்று சொல்கிறதே, அதுதான் கணக்கு: தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு கோழி மாதிரிப் புரதம், கால் பங்கு சோறு. என் அம்மா கிளினிக்கிலிருந்து வந்து, ‘இனிப்பு நீருக்குச் சுக்கு நல்லதாம், ரெண்டு தடவை சொன்னாங்க’ என்று சுக்குக் காப்பி போட்டுக் குடித்த ஆள். கால் பங்கைத்தான் மலாயில் சுக்கு என்கிறார்கள் என்று புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. சிரிப்பாக இருந்தாலும் விஷயம் சிரிப்பில்லை: 2019-இல் நாடு முழுதும் எடுத்த நலவாழ்வு ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். நம் வீடுகளில் விசாரித்தால் கணக்கு அதைவிடக் கூடத்தான் வரும்.

மத்தியான டப்பாவுக்கு: சாற்றைச் சின்னப் பாட்டிலிலும் கடலையை ஒரு காகிதப் பொட்டலத்திலும் தனியாகக் கொண்டுபோங்கள்; கோழியும் காயும் அடியில், பழம் மேலே. சாப்பிடும்போது ஊற்றிக் குலுக்கினால் காலையில் செய்தது மாதிரியே இருக்கும். வேலையிடத்தில் ஐஸ்பெட்டி இல்லையென்றால், முதல் நாள் ராத்திரி உறையவைத்த தண்ணீர் பாட்டிலை டப்பாவோடு ஒட்டி ஒரே பையில் வையுங்கள். வெந்த கோழி வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. நம் ஊர் வெயிலில், அதுவும் மூடிய காருக்குள், ஒரு மணி நேரமே அதிகம். மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், வயிற்றைக் கெடுக்கும் கிருமிக்கு வாடையே இருக்காது. கிழித்து ஆறவைத்த கோழி ஐஸ்பெட்டியில் மூன்று நாள் தாங்கும், ஆகவே ஞாயிற்றுக்கிழமை வேகவைத்தால் புதன்கிழமை வரை டப்பாவுக்கு ஆகும். பழத்தை மட்டும் அன்றன்று வெட்டுங்கள்.

கோழி வெந்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள். இஞ்சியும் செராயும் இறங்கிய நல்ல சாறு அது. வடிகட்டி, பூண்டு நாலு பல் தட்டிப்போட்டு, மிளகு சீரகம் பொடித்துச் சேர்த்து, ஒரு கொதி விட்டு மல்லித்தழை தூவுங்கள். உப்பு ஏற்கெனவே இருக்கிறது, ருசி பார்த்துப் போடுங்கள். மாமியாருக்கு அந்தக் கால் பங்கு சோற்றோடு அதை ஊற்றிக் கொடுக்கலாம்.